மேய்ச்சல் மாடா, பட்டி மாடா? மாட்டிறைச்சியும் சுற்றுச்சூழலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டிறைச்சியால் பூமி சூடாகிறது என்று ஒரு கட்சி. புல் மேயும் மாடு மண்ணைக் காப்பாற்றும் என்று எதிர்க்கட்சி. இரண்டு பேருமே ஆதாரம் காட்டுகிறார்கள், இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான்கைந்து தனித்தனித் தொழில்களை 'மாட்டிறைச்சி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் வரும் குழப்பம் இது. இங்கே பெரும்பாலும் பிரேசிலை வைத்தே பேசுகிறேன். உலகில் மாட்டிறைச்சியை அதிகம் ஏற்றுமதி செய்வது அந்த நாடுதான். காட்டை வெட்டி மேய்ப்பது, பழைய புல்வெளியில் மேய்ப்பது, பட்டியில் அடைத்துக் கொழுக்க வைப்பது, மரத்தடியில் மேய்ப்பது என்று எல்லா முறையும் அங்கே உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவும் அங்கங்கே வரும். மாட்டிறைச்சி தின்னலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மாடு புல்தானே தின்கிறது? அதற்கும் பூமி சூடாவதற்கும் என்ன சம்பந்தம்?

மாடு அசைபோடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். கழுத்தின் அடிப்பக்கத்தில் ஒரு உருண்டை மேலேறி வருவது வெளியிலிருந்தே தெரியும். ஒரு நிமிடம் போல மென்று விழுங்கும், சற்று நிறுத்தும், அடுத்த உருண்டை வரும். அதற்கு நடுவே சத்தமில்லாமல் ஏப்பமும் போய்க்கொண்டிருக்கும். நார் நிறைந்த புல்லை மாட்டால் தனியாகச் செரிக்க முடியாது. வயிற்றின் முதல் அறை சாராய ஊறல் போட்ட பெரிய பானை மாதிரி. அதிலுள்ள நுண்ணுயிர்கள் நாரை உடைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அதை வேறொரு வகை நுண்ணுயிர் பிடித்து மீத்தேன் ஆக்குகிறது. இது பின்பக்கமாக வெளியேறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 90 சதவீதத்துக்கு மேல் வாய் வழியாகவே போகிறது.

ஓர் இறைச்சி மாடு ஆண்டுக்கு சுமார் 50 முதல் 60 கிலோ மீத்தேன் விடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் 27, 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மேயும் மாட்டின் மூச்சை எப்படி அளப்பது என்று எனக்கும் முதலில் வியப்பாக இருந்தது. வேறு ஒரு வாயு துளித்துளியாகக் கசியும் சிறு குழாயை முன்பே மாட்டின் வயிற்றுக்குள் செலுத்திவிடுகிறார்கள். காற்று உறிஞ்சி எடுத்த ஒரு குப்பியைக் கழுத்தில் மாட்டி, அதன் மெல்லிய குழாயை மூக்குக்குப் பக்கத்தில் கட்டிவிடுகிறார்கள். 24 மணி நேரம் அந்தக் குப்பி மூக்கருகே உள்ள காற்றைச் சேர்க்கும். கசியும் வாயுவின் அளவு தெரியும் என்பதால், அதோடு ஒப்பிட்டு மீத்தேன் அளவைச் சொல்லிவிடலாம். மாடு தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

மொத்தத்தில் கால்நடைகளின் பங்கு எவ்வளவு?

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013ல் சொன்ன கணக்குப்படி, மனிதர்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைகளால் வருகிறது. 2023ல் வந்த புதிய கணக்கில் அது 12 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. பழைய 18 சதவீதக் கணக்கு 2006ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ளது. வாட்ஸ்அப்பில் இன்னும் அதுதான் சுற்றுகிறது.

எத்தனை வகை வளர்ப்பு முறைகள் இருக்கின்றன?

முதலாவது, ஆண்டு முழுவதும் திறந்த வெளியில் மேய்ப்பது. பிரேசிலில் பெரும்பான்மை இதுதான். ஏறத்தாழ 16 கோடி ஹெக்டேர் மேய்ச்சல் நிலம், அதாவது தமிழ்நாட்டைப் போல 12 மடங்கு. ஆனால் ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை மாடுதான்.

இரண்டாவது தீவனப் பட்டி, அமெரிக்கர்கள் ஃபீட்லாட் என்கிறார்கள். பட்டி மாடு பிறந்ததிலிருந்தே பட்டியில் கிடப்பதில்லை. ஆறேழு மாதம் தாயோடு புல்வெளியில் திரிகிறது, பால்குடி மறந்த பிறகு இன்னும் சில மாதம் புல், கடைசி நான்கு முதல் ஆறு மாதம்தான் பட்டியில் மக்காச்சோளம் தின்று எடை போடுகிறது. இதை மறந்துவிட்டு 'புல் மாடு, சோள மாடு' என்று இரண்டு சாதியாகப் பிரித்துப் பேசுவதால்தான் பாதிச் சண்டை.

மூன்றாவது, மரம், பயிர், மாடு மூன்றையும் ஒரே நிலத்தில் வைப்பது. நான்காவது, பால் மாட்டிலிருந்து வரும் இறைச்சி: கறவை வற்றிய பசு, பால் பண்ணையில் பிறந்த காளைக்கன்று. இந்த இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

புல் மேய்ந்த மாடு சுற்றுச்சூழலுக்கு நல்லது, பட்டி மாடு கெட்டது என்பது சரிதானே?

மீத்தேன் கணக்கை மட்டும் எடுத்தால் நேர் எதிர். மாவுச்சத்துள்ள தீவனம் நாரைவிட வேகமாகச் செரிக்கும், மீத்தேன் குறையும். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி தன் கணக்கீட்டு வழிகாட்டியில், புல் தின்னும் மாடு தீவனத்தின் ஆற்றலில் சுமார் 6.5 சதவீதத்தை மீத்தேனாக இழக்கிறது என்றும், தானியமே பெரும்பகுதியாகத் தின்னும் பட்டி மாடு சுமார் 3 சதவீதம்தான் இழக்கிறது என்றும் வைத்திருக்கிறது.

அப்புறம் வயது. அமெரிக்கப் பட்டி மாடு ஒன்றரை வயது தாண்டியதும் அடிமாடாகப் போய்விடும். பிரேசிலில் தேய்ந்த புல்லை மேயும் மாடு அதே எடைக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகூட ஆகும். அத்தனை நாளும் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். 2023ல் அமெரிக்கா ஏறத்தாழ 9 கோடி மாடுகளை வைத்து சுமார் 1.2 கோடி டன் இறைச்சி எடுத்தது. பிரேசில் சுமார் 24 கோடி மாடுகளை வைத்து 1.1 கோடி டன் எடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை. சீனா பிரேசிலிலிருந்து இறைச்சி வாங்கும்போது, மாட்டுக்கு 30 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று நோய் பயத்தால் ஒரு விதி வைத்தது. இந்த வயதுக்குள் எடை கூட்டிய மாட்டை பிரேசில் சந்தையில் 'சீன மாடு' என்றே சொல்கிறார்கள், விலையும் கூட. பண்ணைக்காரர்கள் நல்ல புல் போட்டு மாட்டைச் சீக்கிரம் வளர்த்தார்கள். ஒரு கிலோ இறைச்சிக்கான மீத்தேன் தன்னால் குறைந்தது.

அதற்காகப் பட்டிதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பட்டி இறைச்சியின் மொத்த வெப்ப வாயுவில் நான்கில் மூன்று பங்கை ஒட்டி, கன்றையும் அதை ஈன்ற தாய்ப்பசுவையும் புல்வெளியில் வைத்திருக்கும் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. கடைசி நான்கு மாதத்தில் என்ன தின்றது என்பது ஒரு சிறு திருத்தம்தான். ஒரு மாட்டின் கணக்கைப் பார்க்க எனக்கு இரண்டு கேள்வி போதும். அது நிற்கிற நிலத்தில் அதற்கு முன் என்ன நின்றது? அது எத்தனை நாள் உயிரோடு இருந்தது? இதில் முதல் கேள்விதான் கனமானது.

அமேசான் காட்டை மாட்டுக்காகத்தான் வெட்டுகிறார்களா?

வெட்டிய நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகத்தான் போயிருக்கிறது. ஆனால் 'மாட்டுக்காக' என்பதைச் சற்று திருத்திச் சொல்ல வேண்டும். அங்கே மாடு பட்டா மாதிரி.

நடப்பது இப்படி. அரசுக்குச் சொந்தமான, யாருக்கும் எழுதிக் கொடுக்காத காடு. முதலில் விலையுள்ள மரத்தை எடுத்துவிடுகிறார்கள். மழை நிற்கும் மாதங்களில் மிச்சத்தை வெட்டிச் சாய்த்துக் காயவிட்டுத் தீ வைக்கிறார்கள். சாம்பலின் மேல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிரக்கியாரியா புல் விதையைத் தூவி, கம்பி வேலி போட்டு, மாட்டை விட்டால் வேலை முடிந்தது. நிலம் 'பயன்பாட்டில்' இருக்கிறது என்பதற்கு மாடு சாட்சி. பின்னால் எப்போதாவது அரசு அந்த ஆக்கிரமிப்பை முறைப்படுத்தும் என்ற நம்பிக்கையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும். லாபம் நிலத்தில், இறைச்சியில் வருவது கைச்செலவுக்கு. புறம்போக்கில் கொட்டகை போட்டு உட்கார்ந்துகொள்வதைப் பார்த்த நமக்கு இது புரிவதில் சிரமமே இல்லை.

பாரா மாநிலத்தில் சாவ் ஃபெலிக்ஸ் டோ ஷிங்கு என்று ஒரு நகராட்சி. பரப்பு சுமார் 84,000 சதுர கிலோமீட்டர், இலங்கையைவிடப் பெரியது. 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 65,000. மாடுகள் சுமார் 25 லட்சம். பிரேசிலில் வேறெந்த நகராட்சியிலும் இத்தனை மாடு கிடையாது.

காட்டை வெட்டாமல் பிரேசிலால் இறைச்சி தர முடியாதா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறது. அமேசானில் 2004ல் ஒரே ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு போனது. 2012ல் அது 4,571 ஆகக் குறைந்தது. செயற்கைக்கோள் எச்சரிக்கையை வைத்து அதிகாரிகள் நேரில் போய் அபராதம் போட்டார்கள். நில ஆவணமும் சுற்றுச்சூழல் ஆவணமும் இல்லாத பண்ணைக்கு வங்கிக் கடன் கிடையாது என்று 2008ல் விதி வந்தது. இதே எட்டு ஆண்டுகளில் நாட்டின் மாட்டு எண்ணிக்கை 20 கோடியிலிருந்து 21 கோடிக்கு ஏறியது, குறையவில்லை. பிறகு கண்காணிப்பு தளர்ந்தது. 2021ல் 13,038 சதுர கிலோமீட்டர். மறுபடி இறுக்கியதும் 2024ல் 6,288.

வெட்டிய காட்டின் பாதிப்பை இறைச்சிக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? ஓர் உதாரணம் தர முடியுமா?

ஒரு முரட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அமேசானில் ஒரு ஹெக்டேர் காட்டின் மரங்களில் 100 முதல் 150 டன் கார்பன் நிற்கிறது. எரித்தால் சுமார் 400 டன் கரியமில வாயு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஹெக்டேரில் மேயும் மாட்டிலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கும் இறைச்சி, எலும்போடு, சுமார் 70 கிலோ. வழக்கமாகக் காட்டழிப்பின் பாதிப்பை 20 ஆண்டுக்குப் பிரித்துப் போடுவார்கள். 20 ஆண்டில் 1,400 கிலோ இறைச்சி. 400 டன்னை அதால் வகுத்தால், ஒரு கிலோவின் தலையில் 285 கிலோ கரியமில வாயு.

இதற்குப் பக்கத்தில் வயதுக் கணக்கை வையுங்கள். மாட்டை நான்கு வயதில் வெட்டாமல் இரண்டரை வயதில் வெட்டினால் மிச்சமாகும் மீத்தேன் சுமார் 84 கிலோ. அதைக் கரியமில வாயுவாக மாற்றி 270 கிலோ இறைச்சிக்குப் பிரித்தால், கிலோவுக்கு 9 கிலோவை ஒட்டி மிச்சம். 285 எங்கே, 9 எங்கே. மீத்தேனைக் குறைக்கக் கடற்பாசி, புதுத் தீவனம், இனவிருத்தி என்று நாம் பேசுவதெல்லாம் இந்த 9ஐச் சுற்றி. காடு அந்த 285.

119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளைத் தொகுத்து 2018ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இறைச்சிக்கென்றே வளர்த்த மாட்டில், 100 கிராம் புரதத்துக்குக் குறைந்த பக்கம் 20 கிலோ, அதிகப் பக்கம் 105 கிலோ வெப்ப வாயு. இரண்டுமே கடையில் ஒரே பெயரில் விற்கும் பொருள். பட்டாணியில் அதே 100 கிராம் புரதத்துக்கு அரைக் கிலோகூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காடழித்த பண்ணையிலிருந்து வாங்க மாட்டோம் என்று இறைச்சி நிறுவனங்கள் சொல்கின்றனவே?

2009ல் அரசு வழக்கறிஞர்களின் அழுத்தத்தாலும் சூழல் அமைப்புகளின் பிரசாரத்தாலும் பெரிய இறைச்சிக் கூடங்கள் கையெழுத்துப் போட்டன. தங்களுக்கு நேரடியாக மாடு விற்கும் பண்ணையைச் சோதிக்கிறார்கள். அதோடு நின்றுவிடுகிறது.

ஒரு கன்றின் பின்னால் போய்ப் பாருங்கள். எரித்த காட்டின் சாம்பல் மணம் போகாத ஒரு பண்ணையில் அது பிறக்கிறது. எட்டாவது மாதம், லாரியில் இன்னொரு பண்ணைக்குப் போகிறது. அங்கே ஓர் ஆண்டு. பிறகு மூன்றாவது பண்ணை. இந்தப் பண்ணை நெடுஞ்சாலையோரம், பல பத்தாண்டுக்கு முன் வெட்டிய பழைய நிலம், ஆவணம் எல்லாம் ஒழுங்கு. அங்கிருந்துதான் இறைச்சிக் கூடத்துக்கு வண்டி ஏறுகிறது. கூடத்துக்காரர் கணினியில் பார்ப்பது மூன்றாவது பண்ணையை மட்டும். 'சுத்தம்' என்று வந்துவிடும். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது போலத்தான், அங்கேயும் இதை 'மாட்டுச் சலவை' என்கிறார்கள்.

மாட்டை இடம் மாற்றும்போது ஜிடிஏ என்ற அனுமதிச் சீட்டு கட்டாயம். ஆனால் அது கோமாரி நோயைத் தடுக்க வந்த சீட்டு. இந்தப் பண்ணையிலிருந்து அந்தப் பண்ணைக்கு இத்தனை தலை என்று எழுதியிருக்கும், எந்த மாடு என்று இருக்காது. ஒவ்வொரு மாட்டுக்கும் தனி எண்ணோடு காதுவில்லை மாட்டினால்தான் கன்று பிறந்த இடம் தெரியவரும். 2032க்குள் நாடு முழுவதும் அதைச் செய்து முடிப்பதாக பிரேசில் அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வரும் மாட்டுப் பொருளை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் சட்டம் போட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது.

படத்தில் பார்த்தால் பிரேசில் மாடு நம்ம ஊர் மாடு மாதிரியே இருக்கிறதே?

நம்ம பக்கத்து மாடுதான். வெள்ளை உடல், திமில், தொங்கும் அலைதாடி. அங்கே அதன் பெயர் நெலோரே. அந்நாளைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து போன ஓங்கோல் இனம். 19ஆம் நூற்றாண்டில் ஒன்றிரண்டாகக் கப்பல் ஏறியது, கடைசிப் பெரிய தொகுதி 1960களின் தொடக்கத்தில் போனது. உண்ணி கடித்தாலும் வெயில் அடித்தாலும் தாக்குப்பிடிக்கும் உடம்பு. ஐரோப்பிய மாடுகள் வெப்பமண்டலத்தில் நோய்வாய்ப்பட்ட இடத்தில் இது பெருகியது. இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பான்மை இந்த ரத்தம். வியாச்சினா-19 என்ற நெலோரே பசு உலகிலேயே விலை உயர்ந்த மாடு என்று கின்னஸில் ஏறியது, மதிப்பு நாற்பது லட்சம் டாலருக்கு மேல்.

கொஞ்சம் சங்கடமான பெருமைதான். காட்டுக்குள் மாடு நுழைய முடிந்ததற்கு ஆப்பிரிக்கப் புல் ஒரு காரணம், இந்த ஆந்திர மாட்டின் உழைப்புத் தாங்கும் உடம்பு இன்னொன்று.

முறையாக மேய்த்தால் புல்வெளி கார்பனை மண்ணுக்குள் பிடித்து வைக்கும், மாட்டின் ஏப்பம் ஈடாகிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரு வயலில் மாட்டைக் கொஞ்ச நாள் நெருக்கமாக மேயவிட்டு, அடுத்த வயலுக்கு மாற்றி, முதல் வயலுக்கு நீண்ட ஓய்வு தந்தால் புல்லின் வேர் ஆழம் போகும், மண்ணில் கார்பன் ஏறும். மிச்சிகனில் நான்கு ஆண்டு அளந்த ஓர் ஆய்வில், கொழுக்க வைக்கும் கட்டத்தில் மண் பிடித்த கார்பன் மாடு விட்ட வாயுவைவிட அதிகமாகவே இருந்தது. ஜார்ஜியா மாநிலத்துப் பண்ணை ஒன்றில், வழக்கமான முறையைவிட 66 சதவீதம் குறைவு என்று 2020ல் கணக்கு வந்தது. ஆனால் அதே இறைச்சிக்கு இரண்டரை மடங்கு நிலம் தேவைப்பட்டது.

இந்த இரண்டரை மடங்குதான் இடிக்கிறது. அமெரிக்கா முழுவதையும் புல்லுக்கு மாற்றினால் மாட்டு எண்ணிக்கை 30 சதவீதம் கூட வேண்டும், இப்போதுள்ள மேய்ச்சல் நிலம் இன்றைய இறைச்சியில் 27 சதவீதத்துக்குத்தான் தாங்கும் என்று 2018ல் ஓர் ஆய்வு சொன்னது. இன்னொன்று, மண் ஒரு டப்பா மாதிரி. தேய்ந்த மண் முதல் சில பத்தாண்டுகள் வேகமாக நிரம்பும், பிறகு நின்றுவிடும். மாடு நிறுத்தாது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பங்கேற்று 2017ல் வந்த ஓர் அறிக்கை, தாராளமாக எடுத்துக்கொண்டாலும் உலக மேய்ச்சல் மாடுகளின் வாயுவில் 20 முதல் 60 சதவீதம்தான் மண்ணால் ஈடாகும் என்றது.

அதே சமயம் பிரேசிலுக்கு இந்த வழி மிக நல்லது. அங்கே மேய்ச்சல் நிலத்தில் பாதிக்கு மேல் ஏதோ ஓர் அளவில் தேய்ந்து கிடக்கிறது. நடுநடுவே சொட்டை, கறையான் புற்று, களைச் செடி. அதைத் தேற்றினாலே ஒரு ஹெக்டேரில் இரண்டு மாடு நிற்கும், புதுக் காடு வேண்டாம். தேற்றுவதைவிட வெட்டுவது மலிவாக இருக்கும் வரை யாரும் தேற்ற மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

மாட்டை எடுத்துவிட்டால் எல்லா இடத்திலும் காடு வளர்ந்துவிடுமா?

இல்லை. பிரேசிலின் தென்கோடியில் பம்பா புல்வெளி இயற்கையானது. அங்கே அளவோடு மேயும் மாடு புதர் ஏறாமல் காக்கிறது, நூற்றுக்கணக்கான புல் வகைகள் பிழைக்கின்றன. அந்தப் புல்வெளிக்கு இன்று எமன் மாடு அல்ல, சோயாவும் தைலமரமும்தான்.

பாந்தனால் சதுப்பு நிலம் வேறு கதை. இருநூறு ஆண்டுக்கு மேலாக வெள்ளம் வடிந்த புல்லில் மாடு மேய்க்கும் ஊர். 2020ல் அதில் கால் பங்குக்கு மேல் எரிந்தபோது, காய்ந்த புல்லை மாடு தின்றிருந்தால் தீ பரவியிருக்காது என்று 'தீயணைப்பு மாடு' என்ற வாதத்தை அமைச்சர் மட்டத்திலேயே எடுத்துவிட்டார்கள். நாட்டிலேயே மாடு அதிகமுள்ள நகராட்சிகளில் ஒன்றான, பாந்தனாலில் இருக்கும் கொரும்பாவில்தான் அந்த ஆண்டு தீயும் மிக அதிகம். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கையில்லை.

ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் என்பது உண்மையா?

உலகச் சராசரி 15,400 லிட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் 94 சதவீதம் புல்லின் மேல் விழுந்த மழை. மாடு இல்லாவிட்டாலும் விழும். ஆறு, கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீர் சுமார் 4 சதவீதம். அந்த 4 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். மேற்கு கான்சஸிலும் டெக்சஸின் வடக்கு மூலையிலும் பட்டிகளுக்குத் தீவனச் சோளம் விளைவிக்க ஒகல்லாலா நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். அது பெரும்பாலும் பழங்காலத்து நீர், இறைக்கும் வேகத்தில் ஊறுவதில்லை. நல்ல மழை பெய்யும் பாராவில் தண்ணீர் பிரச்சினை இல்லை, காடு பிரச்சினை. கான்சஸில் காடு பிரச்சினை இல்லை, தண்ணீர் பிரச்சினை.

பட்டியின் சாணத்தை என்ன செய்கிறார்கள்? உரம்தானே?

50,000 மாடு நிற்கும் பட்டி அமெரிக்காவில் உண்டு. ஒரு மாடு நாளுக்கு 25 கிலோ போட்டாலும் தினம் 1,250 டன். நம் ஊரில் ஒரு வண்டி எருவுக்கு ஆள் அலைவார்கள். அங்கே தூக்கிச் செல்லும் செலவு எருவின் விலையைத் தாண்டிவிடுவதால், பக்கத்து வயல்களிலேயே திரும்பத் திரும்பக் கொட்டுகிறார்கள். பயிர் எடுத்ததுபோக மிச்சமான தழைச்சத்து ஓடைக்கும் கிணற்றுக்கும் போகிறது. கொஞ்சம் அமோனியாவாகவும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மேலே போகிறது. நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிட 273 மடங்கு. தீவனச் சோளத்துக்குப் போட்ட யூரியாவின் மிச்சமும் மிசிசிப்பி ஆற்றோடு கடலில் சேர்ந்து, ஆண்டுதோறும் கோடையில் மெக்சிகோ வளைகுடாவில் மீன் மூச்சுவிட முடியாத பகுதியை உண்டாக்குகிறது. பரந்து மேயும் மாட்டின் சாணம் இந்த வேலை செய்யாது. அது விழுந்த இடத்தில் வண்டு பார்த்துக்கொள்ளும்.

மரத்தடி மேய்ச்சல் என்றால் என்ன?

வரிசையாக மரம், நடுவே புல், சில ஆண்டு பயிர், சில ஆண்டு மாடு. பிரேசிலின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா இதைப் பல ஆண்டுகளாகப் பரப்புகிறது. தைலமர வரிசையின் நிழலில் வளர்ந்த மாட்டுக்கு, மரம் பிடித்த கார்பனால் ஏப்பம் ஈடானது என்று காட்டும் முத்திரை ஒன்றையும் 2015ல் உருவாக்கியது. மரம் வெட்டிக் காகிதமானால் அந்தக் கார்பன் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் மேசை, நாற்காலி போன்ற நீடிக்கும் பொருளுக்குப் போகும் தடியை மட்டும் கணக்கில் சேர்க்கிறார்கள். கொலம்பியாவில் தைலமரத்துக்குப் பதில், நாம் சவுண்டல் அல்லது சூபாபுல் என்று சொல்லும் செடியை ஹெக்டேருக்கு ஆயிரக்கணக்கில் நெருக்கி நட்டு மாடு கடிக்க விடுகிறார்கள். காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும், புரதம் தரும், யூரியா வேண்டாம்.

இதைப் படிக்கும்போது காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். கொறங்காடு அதுதானே. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல். வேல மரத்து நெற்று உதிரும் காலத்தில் மாடும் ஆடும் அதைப் பொறுக்கித் தின்னும். மழை குறைந்த மண்ணில் பல தலைமுறையாக ஓடும் ஏற்பாடு. காங்கேயம் மாடு இறைச்சிக்கு வளர்ப்பதல்ல என்பது வேறு விஷயம், நிலம் செய்கிற வேலை ஒன்றுதான்.

கடற்பாசி கொடுத்தால் மீத்தேன் நின்றுவிடும் என்று படித்தேனே?

நிற்காது, குறையும். அஸ்பரகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியைச் சிறிதளவு தீவனத்தில் கலந்து கலிஃபோர்னியாவில் 21 காளைகளுக்கு 147 நாள் கொடுத்தார்கள். சிலவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, 2021ல் முடிவு வந்தது. போவேர் என்ற செயற்கைப் பொடிக்கு பிரேசில் அதே ஆண்டு அனுமதி தந்தது. இரண்டிலும் ஒரே தொல்லை: தினமும் தீவனத்தில் கலக்க வேண்டும். பட்டியில் சரி. ஹெக்டேருக்கு ஒன்றிரண்டாக மேயும் மாட்டைத் தேடிப்போய் யார் ஊட்டுவது? மொன்டானாவில் மேயும் மாடுகளுக்கு வில்லையாக வைத்துப் பார்த்ததில் சுமார் 38 சதவீதம்தான் குறைந்தது. அதுவே நல்ல எண்தான்.

மீத்தேன் பன்னிரண்டு ஆண்டில் காற்றில் கரைந்துவிடுமே, பிறகென்ன கவலை?

பண்ணைக்காரர்கள் கேட்கும் கேள்வி, மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. மாட்டு எண்ணிக்கை பல பத்தாண்டாக மாறாமல் இருந்தால், புதிதாகப் போவதும் பழையது சிதைவதும் சமமாகி, வெப்பம் மேலும் ஏறாது. ஏற்கெனவே ஏறியது இறங்கவும் செய்யாது. ஆனால் பிரேசிலில் எண்ணிக்கை மாறாமலா இருக்கிறது? 1970களின் நடுவில் பத்துக் கோடியை ஒட்டி இருந்த மாடு, இன்று 24 கோடியை நெருங்குகிறது. இந்த வாதம் எண்ணிக்கை மாறாத, அல்லது குறையும் நாட்டுக்குப் பொருந்தும், பெருகும் நாட்டுக்குப் பொருந்தாது.

நம்ம பக்கத்து மாட்டிறைச்சிக்கும் இதே கணக்கா?

இல்லை. இந்தியாவில் இறைச்சிக்கென்றே மாடு வளர்ப்பது மிகக் குறைவு. ஏற்றுமதியாவது எருமை இறைச்சி. வியட்நாம், மலேசியா, எகிப்து எல்லாம் வாங்குகின்றன. அந்த எருமை பாலுக்காக வளர்ந்தது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு வண்டி ஏறுவதும் கறவை வற்றிய பசு, உழவுக்கு ஆகாத எருது, டிராக்டர் வந்தபின் வேலையில்லாமல் போன கலப்பினக் காளைக்கன்று. வைக்கோலும் சோளத்தட்டும் தின்று வளர்ந்தவை, யாரும் காடு வெட்டவில்லை.

நான் மேலே சொன்ன 2018 ஆய்வில், இறைச்சிக்கென்றே வளர்த்த மாட்டில் கிலோவுக்குச் சராசரி 99 கிலோ வெப்ப வாயு, பால் மாட்டிலிருந்து வந்த இறைச்சியில் 33. இந்த வித்தியாசம் வருவது, தாய்ப்பசு விட்ட ஏப்பத்தில் பெரும்பங்கைப் பாலின் கணக்கில் எழுதிவிடுவதால். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் இருபது லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் ஏப்பத்தில் ஏழு மடங்கு வித்தியாசம் கிடையாது. அதனால் இந்தியாவில் இந்தக் கணக்கு கறிக்கடையை விட்டுவிட்டு டீக்கடைப் பாலில் போய் விழுகிறது.